அம்மாவுக்கு வந்த பூக்கள்

31.7.2025, வியாழன்

38 வருஷ அஞ்சலக வேலையிலிருந்து அம்மா இன்றோடு ஓய்வு. விழா முடிந்து சால்வைகளோடு நான்கு பூங்கொத்தும், ஜிகினாத்தாள் சுற்றிய தொட்டியில் 'பீஸ் லில்லி' என்ற செடியும் ஈரோட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தன. "நாளைக்கு வாடத்தானே போகுது, அப்படியே டிவி பக்கத்துல வை கண்ணு" என்றார் அம்மா. எனக்கு மனசு வரவில்லை.

தாளைப் பிரித்தால் அடியில் இருந்த பச்சை ஸ்பாஞ்ச் காய்ந்து கிடந்தது. வாளித் தண்ணீருக்குள்ளேயே காம்பை வைத்து ஒரு அங்குலம் சாய்வாக வெட்டினேன். வெளியே வெட்டினால் காம்புக் குழாயில் காற்று புகுந்து தண்ணீர் ஏறுவது தடைபடும். தண்ணீரில் மூழ்கும் இலைகளை உருவிவிட்டேன். அழுகினால் தண்ணீரே கெட்டுவிடும். ஜெர்பராவின் காம்பு மெத்தென்று ரோமம் படர்ந்தது, ஆழத்தில் நின்றால் அழுகும். அதற்குத் தனி டம்ளரில் இரண்டு விரல் தண்ணீர்.

பதினொரு மணிக்கு அம்மாவும் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு கொத்திலும் இருந்த வாழ்த்து அட்டையை நூலில் கோத்து அந்தந்தக் குடுவையிலேயே கட்டினார். "யார் கொடுத்ததுன்னு மாறிடக் கூடாது."

2.8.2025

காலையில் இரண்டு ரோஜாக்கள் கழுத்தொடிந்து தொங்கின. காம்பை மறுபடி வெட்டி, பூவைச் செய்தித்தாளில் நிமிர்த்திச் சுற்றி, கழுத்துவரை தண்ணீரில் விட்டேன். மதியம் ஒன்று நிமிர்ந்தது. மற்றது நிமிரவில்லை. மல்லியை வாழையிலையில் பொதிந்து வைக்கும் பக்குவம் அம்மாவுக்கு அத்துப்படி. இவை காம்பால் குடிக்கும் பூக்கள், வழி அடைபட்டால் தீர்ந்தது. சர்க்கரை போடலாமா என்று கேட்டார். சர்க்கரை மட்டும் போட்டால் பாக்டீரியாதான் பெருகும். தினமும் குடுவையைக் கழுவி நல்ல தண்ணீர் மாற்றுவதே போதும்.

4.8.2025

நேற்று ஆடி 18. பூஜைக்கு வாங்கிய பழுத்த வாழைச்சீப்பைப் பூக்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு பவானிக் கூடுதுறைக்குப் போய்விட்டோம். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. இன்று பார்த்தால் கார்னேஷன் எல்லாம் இதழை உள்ளே மடித்துச் சுருண்டிருக்கின்றன. பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு கார்னேஷனுக்கு ஆகவே ஆகாது. தெரிந்திருந்தும் கவனிக்காமல் விட்டேன். இனி விரியாது என்றதும் அம்மா அந்தக் குடுவையின் அட்டையை அவிழ்த்துப் பீரோவில் வைத்தார்.

10.8.2025

ரோஜாக்கள் இன்றுதான் உதிர்ந்தன. பத்து நாள்!

பீஸ் லில்லியில் மூன்று இலை மஞ்சள். அம்மா பாசத்தில் காலை மாலை ஒரு டம்ளர் ஊற்றியிருக்கிறார். ஜிகினாத்தாளை அவிழ்த்தேன். உள்ளே தேங்கிய தண்ணீர் சாக்கடையாய் நாறியது. வேரைப் பிடித்தால் பழுப்புத் தோல் கையோடு உருவிக்கொண்டு வந்தது. நல்லவேளை, உள்பக்கம் வெள்ளை வேர்கள் திடமாக இருந்தன. அழுகியதை வெட்டிவிட்டு, செம்மண்ணும் நார்க்கழிவும் மணலும் கலந்து, ஓட்டையுள்ள தொட்டிக்கு மாற்றினேன். நேர்வெயில் படாத ஜன்னலோரம், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்தாயிற்று. கடித்தால் வாயெல்லாம் எரியும்.

19.8.2025

விடிந்ததும் அம்மா தொட்டியருகே நின்றிருந்தார். ஆள்காட்டி விரல் முதல் கணுவரை மண்ணுக்குள்.

"உள்ள ஈரம் இருக்கு கண்ணு. இன்னைக்கு வேண்டாம்."