மூச்சு எடுக்கும் நொடி

கல்வியாண்டு முடியும் சமயத்தில் துறை அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். மாணவர்களின் சாதனைகளை இந்தத் தேதிக்குள் அனுப்புங்கள் என்று கேட்டிருப்பார்கள். போட்டியில் பரிசு, கோடைகால இசைவிழாவில் இடம், மேற்படிப்புக்கு உதவித்தொகை, ஆர்க்கெஸ்ட்ராவில் வேலை, இவைதான் அந்தப் பட்டியலில் ஏறும்.

நான் ஒரு பல்கலைக்கழக இசைப்பள்ளியில் பியானோ பக்கவாத்தியக்காரன். 14 வருடங்கள் ஆகின்றன. எனக்கென்று மாணவர்கள் கிடையாது. வயலின், செல்லோ, கிளாரினெட், வாய்ப்பாட்டு என்று மற்ற ஆசிரியர்களின் மாணவர்கள்தான் என் அறைக்கு வந்து போகிறார்கள். ஒரு பருவத்துக்கு 30 பேராவது இருப்பார்கள். பட்டியலுக்கு மாணவர் பெயர் எதையும் யாரும் என்னிடம் கேட்டதில்லை என்றாலும், அந்த மின்னஞ்சலைப் பார்த்ததும் எனக்குள் வேறொரு பட்டியல் ஓட ஆரம்பித்துவிடும்.

முதலாம் ஆண்டு மாணவர் முதல் ஒத்திகைக்கு வந்தால் கருவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்ப்பார். நான் ஆரம்பிப்பேன் என்று அவர் காத்திருப்பார், அவர் ஆரம்பிக்கட்டும் என்று நான் காத்திருப்பேன். பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு நேரத்தில் உள்ளே நுழைவோம். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பல வருடங்கள் பயிற்சி அறைக்குள், சீராகத் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு வளர்ந்தவர் அவர். மெட்ரோனோமுக்குச் சைகை காட்ட வேண்டிய தேவையே இல்லை. அது யாருக்காகவும் நிற்காது.

வாசிப்பதற்கு முன் எடுக்கும் மூச்சில்தான் எல்லாம் இருக்கிறது. எந்த வேகம், எவ்வளவு மென்மை, முதல் சுரம் கூர்மையாக விழுமா, மெல்ல மலருமா என்று அந்த ஒரு மூச்சிலேயே எனக்குத் தெரிந்துவிடும். ஊதுகருவிக்காரர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், வில் பிடிப்பவர்களுக்கும் இதுதான். ஒருநாள், பெரும்பாலும் இரண்டாம் ஆண்டின் நடுவில், அதே மாணவர் என் பக்கம் திரும்பாமலேயே மூச்சு எடுப்பார். என் கை தானாக இறங்கும். இருவரும் ஒரே நொடியில் ஒலிப்போம். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு அந்த நினைப்பாகவே இருக்கும்.

பருவ முடிவில் ஜூரி தேர்வு நடக்கும். மூன்று பேராசிரியர்கள் உட்கார்ந்திருப்பார்கள், பத்துப் பதினைந்து நிமிடம், பாதியில் "போதும், நன்றி" என்று நிறுத்திவிடுவார்கள். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

காது வளர்வதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். அரங்கத்துப் பியானோவை முன்கூட்டியே, ஏ என்ற சுரம் நொடிக்கு 440 அதிர்வு (440 ஹெர்ட்ஸ்) வரும்படி சுருதி கூட்டி வைத்திருப்பார்கள். மேடைக்குப் போன பிறகு நான் அதை அசைக்க முடியாது. காற்றில் ஒலியின் வேகம் ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடுகிறது. அதனால் குளிர்ந்த மேடையில் கிளாரினெட்டும் புல்லாங்குழலும் தணிந்து ஒலிக்கும், வாசிக்க வாசிக்கச் சூடேறிச் சுருதி மேலே ஏறும். புதியவர்கள் முதலில் ஒரு தடவை ஒத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் அந்தப் பேச்சையே மறந்துவிடுவார்கள். தேறியவர்களோ முதல் பகுதி முடிந்ததும், யாரும் சொல்லாமல், கிளாரினெட்டின் மேல் இணைப்பை ஒரு மயிரிழை வெளியே இழுத்துக்கொள்வார்கள். பார்வையாளர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. என் பட்டியலில் அதற்கு ஓர் இடம் உண்டு.

சில வருடங்களுக்கு முன் நடந்த கன்சர்ட்டோ போட்டி ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு தனிக்கருவியும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புதான் கன்சர்ட்டோ. வெற்றி பெறுபவர் பல்கலைக்கழக ஆர்க்கெஸ்ட்ராவோடு தனிவாசிப்பாளராக மேடையேறலாம். போட்டியில் ஆர்க்கெஸ்ட்ரா கிடையாது, அந்தப் பகுதி முழுவதையும் பத்து விரலுக்குச் சுருக்கி நான் வாசிப்பேன். மூன்றாம் ஆண்டு கிளாரினெட் மாணவர் ஒருவர் மோட்சார்ட்டின் கன்சர்ட்டோவை எடுத்திருந்தார். 1791இல், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் மோட்சார்ட் முடித்தது. ஏ மேஜரில், அதாவது ஏ சுரத்தை ஆதாரமாகக் கொண்ட சுரவரிசையில், அமைந்தது. தாளைப் பார்க்காமல் மனப்பாடமாக வாசிக்க வேண்டும் என்பது போட்டி விதி.

இந்த வகை இசைவடிவத்தில் மனப்பாடமாக வாசிப்பவருக்கு ஒரு பொறி இருக்கிறது. தொடக்கப் பகுதியில் வந்த கருப்பொருள் பிற்பகுதியில் திரும்பவும் வரும். கொஞ்ச தூரம் இரண்டும் ஒரே பாதை. பிறகு பாதை பிரியும். முதல் தடவை ஈ மேஜருக்குப் போனது, இரண்டாம் தடவை ஏ மேஜரிலேயே தங்க வேண்டும். விரல்களுக்கு இரண்டு பாதையும் சமமாகப் பழகியிருக்கும். எது முதல், எது இரண்டாவது என்று விரல்களுக்குத் தெரியாது.

பாதை பிரியும் இடத்தில் அவர் தவறான பக்கம் திரும்பிவிட்டார். ஈ மேஜரில் அழகாக, முழு நம்பிக்கையோடு போய்க்கொண்டிருந்தார். நான் கூடவே போனேன். பக்கவாத்தியக்காரன் சரியான இடத்தில் பிடிவாதமாக நின்றால் மேடையில் இரண்டு பேர் தெரிவார்கள், ஒருவர் தவறியவராக. இரண்டு மாத்திரை கழித்து அவர் தோள் இறுகியது. அவருக்கே புரிந்துவிட்டது.

என் இடது கை ஈ சுரத்தில் நின்றிருந்தது. வலது கையில் அந்த ஈ மேஜருக்குச் சொந்தமில்லாத ஒரு சுரத்தை, டியை, சற்று அழுத்தி வைத்தேன். அந்த ஒரு சுரம் சேர்ந்தால் ஈ தங்கும் இடமாக இருக்காது, ஏவுக்குத் திரும்பும் வாசலாகிவிடும். அவர் அதைக் கேட்டார். ஊதிக்கொண்டிருந்த வரியை வளைத்து முடித்தார், மூச்சு எடுத்தார், ஏ மேஜரில் அடுத்த கருப்பொருளுக்குள் நுழைந்தார். எல்லாம் சேர்ந்து நான்கைந்து நொடி இருக்கும். அரங்கில் பாதிப் பேருக்கு ஏதும் தெரிந்திருக்காது.

நடுவர்களுக்குத் தெரிந்தது. மதிப்பீட்டுத் தாளில் நினைவுத் தவறு என்று எழுதியிருந்தார்கள், அவருக்குப் பரிசு இல்லை. அந்தத் தீர்ப்பில் பிழை சொல்ல மாட்டேன். வென்ற வயலின் மாணவி தகுதியானவர்தான். ஆனால் அந்த வருடம் முழுக்க அந்தக் கட்டிடத்தில் நான் கேட்டவற்றில் இசைக்கு மிக நெருக்கமானது அந்த நான்கைந்து நொடிதான். பயம் தொண்டையை அடைக்கும்போது காது மூடிக்கொள்வதுதான் இயல்பு. அவருக்குத் திறந்தே இருந்தது. அந்த முறை நானாகவே அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதி அனுப்பினேன். போட்டிகளின் முடிவுகள் மட்டும்தான் வெளியிடப்படும் என்று பணிவாகப் பதில் வந்தது.

பட்டியலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உதவித்தொகை கிடைத்த பெண்ணின் முகத்தைப் பார்த்தவன் அப்படிச் சொல்ல முடியாது. வேலைக்கான ஆர்க்கெஸ்ட்ரா தேர்வுகள் எவ்வளவு கடினம் என்பதும் தெரியும். அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ராக்களில் 1970களிலிருந்து திரைக்குப் பின்னால் நின்று வாசிக்கும் முறை பரவியது. செருப்புச் சத்தத்தில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடக் கூடாது என்று தரையில் கம்பளம்கூட விரிப்பார்கள். நாங்களும் ஒத்திகைத் தேர்வில் திரை கட்டுகிறோம். ஒரு காலியிடத்துக்கு நூற்றுக்கணக்கானவர்கள் வரும் தேர்வில் கடைசிச் சுற்றுவரை போய்த் திரும்பியவர், எந்தப் பட்டியலிலும் ஏறாமல், மறுவாரம் அதே பயிற்சி அறையில் ஊதுகருவியின் வாயில் பொருத்தும் நாணல் தகடான ரீடைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரைக் கடந்து போகும்போது ஒரு நிமிடம் நின்று பேசாமல் என்னால் போக முடிவதில்லை.

அந்தக் கிளாரினெட் மாணவர் இறுதியாண்டு ரிசைட்டலுக்கு, அதாவது தனிக் கச்சேரிக்கு, ஒரு மணி நேர நிகழ்ச்சி தயாரித்தார். நிகழ்ச்சி நிரலில் அதே கன்சர்ட்டோவின் முதல் பகுதி இருந்தது. யாரும் அதை வாசிக்கச் சொல்லவில்லை. ரிசைட்டலில் தாளை வைத்துக்கொள்ளலாம், அவர் வைத்துக்கொள்ளவில்லை. ஒத்திகைகளில் அந்த இடத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை.

அன்று மாலை கருப்பொருள் திரும்பி வந்தது. பாதை பிரியும் இடத்துக்கு முன் அவர் மூச்சு எடுத்தார், போட்டியன்று எடுத்ததைவிடக் கொஞ்சம் நிதானமாக. ஏ மேஜரிலேயே தங்கினார்.

முடிந்து மேடைக்குப் பின்னால் கருவியைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கை கொடுத்தேன்.

"அந்த இடம் வந்தப்ப உங்க இடது கையைத்தான் சார் கேட்டுக்கிட்டிருந்தேன்" என்றார்.