ட்ரெய்லரின் பின்னால் நான்கு சைக்கிள்கள்

மே 4, 2024, சனி

மிச்சிகனில் லேக்போர்ட் ஏரிக்கரையில், வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் எங்கள் தங்கும் ட்ரெய்லரில் இரண்டு நாள் இருந்துவிட்டு, ட்ராய் நகரத்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் பெட்ரோல் போட நிறுத்தினோம். பின்பக்கம் போன பெரியவள்தான் முதலில் பார்த்தாள். "அப்பா, என் சைக்கிள் ஏன் இவ்வளவு கீழே இருக்கு?"

காலையில் கட்டும்போது முழங்கால் உயரத்தில் இருந்த சக்கரம், தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. சைக்கிள்களைக் கட்டும் ரேக் வளையவில்லை. ரேக்கைத் தாங்கியிருந்த ட்ரெய்லர் பம்பரே முறுக்கிக்கொண்டு பின்னால் சாய்ந்திருந்தது. குனிந்து டார்ச் அடித்தேன். இடப்பக்கத்து வெல்டு பாதிக்கு மேல் விட்டுப்போயிருந்தது. விரிசலுக்குள் இரும்பு புதிதாகப் பளபளத்தது.

இன்னும் சில மைல் போயிருந்தால் சைக்கிள், ரேக், பம்பர் எல்லாம் சேர்ந்து ஐ-94 நெடுஞ்சாலை நடுவில் விழுந்திருக்கும். பின்னால் மோட்டார் சைக்கிளில் யாராவது வந்திருந்தால்? எழுதும்போதே கை சில்லிடுகிறது.

சைக்கிள்களை ட்ரெய்லருக்குள் ஏற்றி, மெத்தைமேல் பழைய போர்வையை விரித்துக் கிடத்தினோம். பம்பரை ட்ரெய்லரின் அடிச்சட்டமான சேஸிஸோடு சேர்த்து ராட்செட் பெல்ட்டால் இறுக்கிக் கட்டி, உள்ரோடு வழியாக மெதுவாக வீடு வந்து சேர்ந்தோம். வழிநெடுக யாரும் பேசவில்லை.

மே 5, ஞாயிறு

காலையிலிருந்து ட்ரெய்லருக்கு அடியிலேயே இருந்தேன்.

இந்தப் பம்பரை நான் கார் பம்பர் மாதிரி நினைத்துவிட்டேன். இது 4 அங்குலச் சதுரக் குழாய். பார்க்கக் கனமாகத் தெரியும், ஆனால் தகடு மெல்லியது. உள்ளே கழிவுநீர்க் குழாயைச் சுருட்டி வைக்கத்தான் இடம் விட்டிருக்கிறார்கள். இரண்டு முனையிலும் சேஸிஸிலிருந்து வரும் சின்னத் தகடுகளில் ஓரிரு அங்குலத்துக்கு வெல்டு, அவ்வளவுதான். ஸ்டெப்னி டயரைச் சுமக்க அது போதும். டயர் பம்பரை ஒட்டியே நிற்கிறது. சைக்கிள் ரேக்கோ பம்பரைத் தாண்டி இரண்டடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. எடை கீழே அழுத்துவதோடு நிற்காமல், ஸ்பேனர் போட்டுத் திருகுவதுபோல் குழாயையே திருகுகிறது.

அதற்கு மேல் ஆட்டம். ட்ரெய்லருக்கு அச்சு நடுவில், வால் அதற்குப் பின்னால் 10 அடிக்கும் மேல். சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறினால் வால் சீசாப் பலகையின் நுனிபோல எகிறும். எங்கள் ட்ரெய்லரில் பட்டை ஸ்பிரிங் மட்டும்தான், ஷாக் அப்சார்பர் கிடையாது. பனிக்காலம் முடிந்த மிச்சிகன் ரோட்டில் குழிக்குப் பஞ்சமே இல்லை. ரேக்கும் நான்கு சைக்கிளும் சேர்ந்து நின்ற இடத்தில் 165 பவுண்டாக இருப்பது, ஒவ்வொரு குழியிலும் அதைப்போலப் பல மடங்காக அந்த இரண்டு அங்குல வெல்டில் இறங்கியிருக்கிறது.

ட்ரெய்லரோடு வந்த கையேட்டை எடுத்துப் பார்த்தேன். பம்பரில் ஸ்டெப்னி தவிர வேறெதுவும் மாட்டக்கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. வாங்கி மூன்று வருடமாகிறது. இன்றுதான் படிக்கிறேன்.

மே 11, சனி

இன்று எடை போட்டோம். பம்பரைச் சரிசெய்தால் மட்டும் போதாது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னதுதான் காரணம். கார் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "வால்ல ஏத்தினா மூக்கு தூக்கும், அதைப் பார்த்தியா?" என்பதுதான் அவர் கேட்டதன் சாரம்.

இழுக்கும் வண்டியில் ட்ரெய்லரை மாட்டும் ஹிட்ச் பந்தின்மேல் ட்ரெய்லரின் மூக்கு எவ்வளவு அழுத்துகிறது என்பதை இங்கே டங் வெயிட் என்கிறார்கள். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால், ஒரு லாரி கடந்து போகும் காற்றிலேயே வால் ஆட ஆரம்பிக்கும். ஆட்டம் பெருகினால் இழுக்கிற வண்டியையே திருப்பிப் போட்டுவிடும்.

வீட்டுக் குளியலறைத் தராசு 300 பவுண்டோடு நின்றுவிடும். அதனால் நெம்புகோல் முறை. கட்டையின் ஒரு முனை செங்கல்மேல், இன்னொரு முனை தராசின்மேல். மூக்கின் ஜாக் செங்கல்லிலிருந்து ஓரடி, தராசிலிருந்து இரண்டடி தள்ளி அழுத்த வேண்டும். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கினால் கணக்கு சரி.

சைக்கிள் இல்லாமல் தராசில் 240, அதாவது 720 பவுண்டு. சாமான்களோடு எங்கள் ட்ரெய்லர் 5,800 பவுண்டு என்பதால் 12 சதவீதத்துக்கு மேல். நல்லது. அப்புறம், ரேக் நின்ற இடத்துக்கு நேர் கீழே பெரியவர் பாலம்போல ஓர் இரும்புச் சட்டத்தை சேஸிஸில் கிளாம்ப் போட்டுப் பிடித்துக்கொடுக்க, அதில் 165 பவுண்டு ஏற்றினோம். தராசு 195க்கு இறங்கியது. 585 பவுண்டு. 10 சதவீதத்துக்குக் கீழே!

காகிதக் கணக்கும் ஒத்துப்போகிறது. அச்சிலிருந்து ரேக் 12 அடி, அச்சிலிருந்து ஹிட்ச் 15 அடி. பின்னால் ஏற்றும் ஒவ்வொரு 15 பவுண்டுக்கும் மூக்கில் 12 பவுண்டு குறையும். இத்தனை நாள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

இரவு மனைவியிடம் சொன்னேன். "சைக்கிளே வேண்டாம்னு விட்டுடலாமாங்க?" என்றாள். மோட்டார் வண்டியே ஓடாத மேக்கினா தீவுக்குப் போகப்போகிறோம், சைக்கிள் இல்லாமல் அங்கே என்ன செய்வது? மின்சார சைக்கிள் வாங்கும் யோசனையை மட்டும் அன்றே கைவிட்டோம். ஒன்றே 50, 60 பவுண்டு.

மே 12, ஞாயிறு

முடிவு: பிள்ளைகளின் சைக்கிள் இரண்டும் (44 பவுண்டு) ட்ரெய்லருக்குள், அச்சுக்கு நேர் மேலே தரையில். அங்கே வைத்தால் மூக்கின் எடை கூடாது, குறையாது. எங்கள் சைக்கிள் இரண்டும் மட்டும் பின்னால். பின் அலமாரியில் இருந்த டூல்பாக்ஸும் மளிகையும் முன் அறைக்குப் போகும்.

முன்பக்க மூக்கின்மேலேயே ரேக் வைப்பவர்களும் உண்டு. வளைந்து திரும்பும்போது எங்கள் எஸ்யூவியின் பின் கண்ணாடியில் இடிக்கும் என்று அளந்து பார்த்ததில் தெரிந்தது. விட்டுவிட்டோம்.

மே 18, சனி

பெரியவர் வேலையை முடித்துக்கொடுத்தார். கால் அங்குலத் தடிமன் தகட்டாலான குழாய் ஒன்று குறுக்காக, இரண்டு சேஸிஸ் சட்டங்களையும் தொட்டபடி. இரு பக்கமும் தகடு வைத்து போல்ட். நடுவில் ரேக்கைச் செருக 2 அங்குல ரிசீவர். பழைய பம்பர் கழிவுநீர்க் குழாயை மட்டும் சுமந்துகொண்டு சும்மா இருக்கும்.

சேஸிஸின் அடித்தகட்டில் குறுக்கே வெல்டு போட அவர் சம்மதிக்கவே இல்லை. சூடுபட்ட அந்தக் கோட்டிலிருந்துதான் பிறகு விரிசல் ஓடுமாம். அதனால்தான் போல்ட். ரிசீவரை வெல்டு வைக்கும் முன் ட்ரெய்லர் பேட்டரியைக் கழற்ற வைத்தார். கூலி கேட்டால் வாங்கவில்லை. சாம்பாரும் வடையும் கொடுத்தனுப்பினோம்.

ஒவ்வொரு நட்டின்மேலும் பக்கத்துத் தகட்டின்மேலும் சேர்த்து வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு போட்டுக்கொடுத்தார். நட்டு துளி நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிவிடும். இவ்வளவு எளிய விஷயம், எவ்வளவு பெரிய நிம்மதி!

மே 25, சனி

புது ரேக் வந்தது. பழையதன் உத்தரவாதத் தாளில், ட்ரெய்லரில் மாட்டினால் செல்லாது என்று இருந்தது. கார் ரேக்குகள் பலவற்றுக்கும் அப்படித்தான். இது ட்ரெய்லருக்கென்றே சொல்லி விற்பது, 50 பவுண்டு. சைக்கிளைக் கம்பியிலிருந்து தொங்கவிடாமல் சக்கரத்தைத் தட்டில் நிறுத்தும் வகை. தொங்கும் சைக்கிள் ஊஞ்சலாடி ஒன்றையொன்று உரசும், பெடல் பக்கத்து சைக்கிளின் கம்பிகளுக்குள் நுழையும்.

சின்ன வயதில் அப்பா பஸ் கூரைமேல் சைக்கிளைக் கயிறு போட்டுக் கட்டுவார். கட்டி முடித்ததும் சைக்கிளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்குவார். சைக்கிளோடு பஸ்ஸே அசைந்தால்தான் கீழே இறங்குவார். இன்று நானும் அப்படி உலுக்கினேன். ரிசீவருக்குள் ரேக் லேசாக லொடலொடத்தது. ஆட்டத்தை நிறுத்தும் கிளாம்ப் ஒன்று போட்டபிறகு அசையவில்லை.

ஜூன் 1, சனி

20 மைல் சோதனை ஓட்டம். ஐந்தாவது மைலில் நிறுத்திப் பார்த்தபோது ஒரு பெல்ட் தளர்ந்திருந்தது. முன்சக்கரம் காற்றில் சுற்றிக்கொண்டே வந்தது, அதையும் தட்டோடு சேர்த்துக் கட்டினேன். கூடை, தண்ணீர் பாட்டில், காற்றடிக்கும் பம்பு எல்லாம் கழற்றி உள்ளே. மழைக்கு உறை போடலாம் என்று நினைத்திருந்தோம், அது பாய்மரம்போல் காற்றைப் பிடித்து இழுக்கிறது. வேண்டாம்.

ஒரு சைக்கிள் இடப்பக்கத்துப் பின்விளக்கை மறைத்தது. மனைவியை பிரேக் மிதிக்கச் சொல்லி, 50 அடி தள்ளி நின்று பார்த்துச் சரிசெய்தேன். நம்பர் பிளேட்டும் தெரிகிறது.

தராசில் 220. 660 பவுண்டு, 11 சதவீதம்.

ஜூன் 14, வெள்ளி

ஐ-75இல் வடக்கே, 270 மைலுக்கு மேல். முதல் நிறுத்தம் 20 மைலில், பிறகு பெட்ரோலுக்கு நின்ற இடமெல்லாம். பெரியவள் வெள்ளைக் கோடுகளைப் பார்ப்பாள், சின்னவன் பெல்ட்டை இழுத்துப் பார்ப்பான், நான் கையை வைத்து உலுக்குவேன். பெட்ரோல் பங்கின் சரிவில் ஏறும்போது மட்டும் ரேக் தரையில் இடிக்குமோ என்று மனைவி இறங்கி நின்று கை காட்டினாள். நாலு விரல் இடைவெளி இருந்தது.

சாயங்காலம் மேக்கினா பாலம். 1957இல் திறந்தது, 5 மைல் நீளம். காற்று அடங்கியிருந்தது. வெளிப்பக்க லேனிலேயே நிதானமாகப் போனேன். வால் ஆடவில்லை.

ஜூன் 15, சனி

படகில் சைக்கிளோடு ஏறினோம். தீவில் 1898இலிருந்து மோட்டார் வண்டிக்குத் தடை. குதிரை வண்டி, சைக்கிள், நடை, இவைதான். கரையை ஒட்டிச் சுற்றிவரும் எம்-185 சாலை 8 மைலுக்குச் சற்று மேல். குதிரைச் சாண வாசனை, ஒரு பக்கம் பச்சைநிறத் தண்ணீர், மறுபக்கம் சுண்ணாம்புப் பாறை. சின்னவன் முழுச்சுற்றும் இறங்காமல் மிதித்தான். பிரிட்டிஷ் லேண்டிங்கில் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம்.

ஜூன் 17, திங்கள்

நேற்றிரவு வீடு வந்தோம். இன்று காலை ட்ரெய்லருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பெரியவளும் கூடவே பாய் போட்டுப் படுத்துக்கொண்டாள். "எல்லாக் கோடும் நேராவே இருக்குப்பா." தகட்டில் விரிசல் இல்லை. வலப்பக்கப் பெல்ட் ஒன்று தட்டின் விளிம்பில் உரசி நூல் பிரிந்திருக்கிறது. ஜூலைப் பயணத்துக்கு முன் அதை மாற்றி, விளிம்பில் ரப்பர் ஒட்ட வேண்டும்.