எதிர்த்தரப்புக்கு வக்காலத்து

பாகப்பிரிவினை வழக்குக்காக அண்ணன் கொண்டுவந்த மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றிதழையும் பார்த்து ஆலோசனை சொன்ன வழக்கறிஞர், பின்னர் அதே வழக்கில் தங்கைக்காக வக்காலத்து (வழக்கை நடத்த அதிகாரம் தரும் பத்திரம்) தாக்கல் செய்யக் கூடாது. இந்திய பார் கவுன்சில் விதிகளில் 33ஆவது விதி இதைத் தெளிவாகத் தடுக்கிறது; வழக்குரை வரைந்து கொடுத்திருந்தாலோ, ஏன், வழக்குத் தொடுப்பது பற்றி ஆலோசனை மட்டும் சொல்லியிருந்தாலோகூட, நீதிமன்றத்தில் ஒருமுறையும் ஆஜராகாத நிலையிலும் அந்தத் தடை பொருந்தும். கட்டணமே வாங்கவில்லையே என்று சிலர் வாதிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தன் வழக்கு எந்த இடத்தில் பலவீனமானது என்பதை அந்த அண்ணன் நம்பிச் சொல்லிவிட்டுத்தானே போயிருக்கிறார்? எதிர்த்தரப்பினரோடு தொடர்பு ஏதேனும் இருந்தால் வழக்கை ஏற்கும்போதே கட்சிக்காரரிடம் அதை முழுமையாகத் தெரிவிக்க வேண்டும் என்பது 14ஆவது விதி. மூத்த வழக்கறிஞர்கள் தயவுசெய்து, புதிய வழக்குக் கட்டைப் பிரிப்பதற்கு முன் எதிர்த்தரப்பின் பெயரைப் பழைய பதிவேட்டில் தேடிப் பார்க்கும் பழக்கத்தை ஜூனியர்களுக்குத் தொடக்கத்திலேயே கற்றுக்கொடுங்கள்.