பிணைச்சல் சேர்

நம்முடைய திருகோணமலைப் பள்ளிக்கூடத்தின் பழைய பௌதிக ஆய்வுகூடத்தில் மைதானப் பக்கமாக இருந்த மூன்றாவது யன்னலை யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? கச்சான் காற்றுத் தொடங்கினால் அது படார் படாரென்று அடிக்கும். கொக்கி எப்போதோ கழன்று போய்விட்டது, பௌதிகம் படிப்பித்த சேர் ஒரு பழைய கவராயத்தை எடுத்து வளையத்துக்குள் செருகி யன்னலை நிறுத்திவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவார். செருகிவிட்டு எங்கள் பக்கம் திரும்பி ஒரே வசனம்: "பிணைச்சல் ஆரும் போடலாம் தம்பிமார், பூட்டுத்தான் வேலை." பிணைச்சல் என்றால் கதவையும் யன்னலையும் திருப்புகிற கீல். அதனால்தான் அவருக்குப் பிணைச்சல் சேர் என்று பெயர். வைத்தது எங்கள் பிரிவு இல்லை. 81இல் நாங்கள் உயர்தர வகுப்புக்குப் போனபோதே அது தயாராக இருந்தது, அவருக்கும் தெரிந்திருந்தது. சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை, அவரிடம் படித்தவர்களுக்கு இவ்வளவே போதும்.

பிணைச்சல், அதிலும் விமான இறக்கையை மடக்கும் பிணைச்சல் என்ற இந்தப் பைத்தியம் அவருக்கு எங்கிருந்து பிடித்தது என்றால், அப்பா டொக்யாட்டில், அதாவது துறைமுகத்துக் கப்பல் பட்டறையில், பிற்றர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை யப்பான் விமானங்கள் வந்து துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்டபோது சேருக்கு ஒன்பது வயது. குடும்பத்தோடு தம்பலகாமத்துக்கு மாட்டுவண்டியில் ஓடிய கதையைப் பத்துத் தரமாவது சொல்லியிருப்பார், ஒவ்வொரு தரமும் வண்டியில் ஏறிய கோழிகளின் எண்ணிக்கை கூடும். முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளிக்கிட்ட ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை அன்றைக்கே மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் மூழ்கடித்தார்கள். கப்பலில் ஒரு விமானம்கூட இல்லை, அதனுடைய சுவோட்பிஷ் விமானங்கள் கரையில் நின்றன. "உறை கடலுக்குப் போச்சுது, கத்தி வீட்டில நிண்டிட்டுது" என்பார் சேர்.

ஆனால் அவர் மனதில் ஒட்டிக்கொண்டது 1944. அந்த ஏப்ரலில் இலஸ்ட்ரியஸ் என்ற பிரித்தானியக் கப்பலும் சரட்டோகா என்ற அமெரிக்கக் கப்பலும் நம் துறைமுகத்தில் ஒன்றாக நின்றன. இங்கிருந்து புறப்பட்டுப் போய்த்தான் 19ஆம் திகதி சுமாத்திராவின் வடமுனைக்கு அப்பாலுள்ள சபாங்கை அடித்தன. புறப்படுவதற்கு முந்திய ஒருநாள் பதினொரு வயதுப் பையனாக ஏதோ ஒரு மேட்டில் ஏறி நின்று பார்த்திருக்கிறார் (எந்த மேடு என்பதும் கதைக்குக் கதை மாறும்). கப்பல் மேல்தளத்தில் விமானங்கள் இறக்கையை மடக்கிக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. கோர்செயர் இறக்கையை மேலே மடக்கும், கோணேசர் வாசலில் தலைக்கு மேல் கைகூப்பி நிற்கிற ஆள் மாதிரி. சீலா மீனின் பெயர் வைத்த பரகூடா பின்பக்கமாக மடக்கும், மழையில் நனைந்த காகம் உட்கார்ந்திருக்கிற மாதிரி. அமெரிக்கனின் ஹெல்கற்றும் அவெஞ்சரும் பின்னுக்குத்தான் மடக்கும், ஆனால் இறக்கையை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு. டோன்ட்லெஸ் என்று ஒன்று, அதற்கு மடங்கவே தெரியாது, கையை விரித்தபடி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். "பஸ்ஸில ரெண்டு பேர் சீற்றில ஒருத்தன் காலை விரிச்சுக்கொண்டு இருப்பானே, அவன்."

ஏன் மடக்க வேண்டும் என்பது எளிய விசயம், கப்பலின் வயிற்றுக்குள் இடம் இல்லை. இலஸ்ட்ரியஸின் கொட்டகை உயரம் 16 அடிதான். கோர்செயர் கைகூப்பினால் விரல்நுனி கூரையில் இடிக்கும், ஆகவே பிரித்தானியர் ஒவ்வொரு இறக்கை நுனியிலும் 8 அங்குலம் வெட்டிவிட்டார்கள். சேருக்கு மிகவும் பிடித்த கதை இது. கட்டிலைப் படலைக்குள்ளால் கொண்டுவர முடியாமல் காலை வாளால் அறுத்த தன் மாமாவைச் சொல்லித்தான் இதை முடிப்பார்.

அந்த அமெரிக்க முறுக்கை அவர் விளங்கப்படுத்திய நாளை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். முன்வாங்கில் இருந்த ஒருவனின் அழிறப்பரைப் பிடுங்கினார், இரண்டு பேப்பர் கிளிப்பை எடுத்து நுனியைக் கொஞ்சம் நிமிர்த்தி றப்பரின் இரண்டு பக்கத்திலும் குத்தினார். றப்பர்தான் விமானத்தின் உடம்பு, கிளிப் இரண்டும் இறக்கை. குத்துகிற சரிவு சரியாக அமைந்துவிட்டால் கிளிப்பைத் திருப்பும்போது அது தானாகவே செங்குத்தாகி, பின்னுக்குப் போய் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். சரிவு பிழைத்தால் முட்டிக்கொண்டு நிற்கும். கிரம்மன் கொம்பனியை நடத்திய லெராய் கிரம்மன் இப்படியே அழிறப்பரையும் கிளிப்பையும் வைத்துத்தான் அந்தச் சரிவைக் கண்டுபிடித்தாராம். விரித்தால் 38 அடி வரும், அவர்களின் வைல்ட்கற் என்ற போர்விமானத்தின் இறக்கை, மடக்கினால் 14 அடி சொச்சம். சேர் எங்களிடம் றப்பரைத் தந்துவிட்டுச் சரிவை நாங்களே தேடச் சொன்னார். அந்தக் கிழமை முழுக்க எங்கள் வகுப்பில் குத்துப்படாத அழிறப்பர் கிடையாது, கணித ரீச்சர் புத்தகம் திருத்தும்போது கத்திய கத்தல் வேறு கதை.

அப்புறம் வந்தது விஞ்ஞானக் கண்காட்சி. நானும் இன்னும் மூன்று பேரும் மூங்கில் தடி, பால்மாத் தகரம், உடைந்த அலுமாரியில் கழற்றிய பிணைச்சல் எல்லாம் போட்டு நாலடி அகலத்தில் ஒரு மடக்கு இறக்கை விமானம் செய்தோம். கயிற்றில் கட்டித் தலைக்கு மேலே சுழற்றினால் பறக்கிற மாதிரி இருக்கும். இறக்கை விரிந்ததும் பூட்டுவதற்குச் சைக்கிள் கம்பியில் ஒரு ஊசி. காலையில் ஆறு தரம் சுழற்றிப் பார்த்தோம், அருமை. அதிபரும் வெளியிலிருந்து வந்த பெரியவர்களும் எங்கள் மேசைக்கு வந்தபோது நான் தான் சுழற்றினேன், வலப்பக்கத்து ஊசியைச் செருகாமல். இரண்டாவது சுற்றில் இறக்கை மடங்கியது, மற்ற இறக்கை மடங்கவில்லை, விமானம் கிறுகிறுவென்று உருண்டு போய்ப் பிஸ்கற் தட்டும் தேத்தண்ணிக் கோப்பைகளும் இருந்த மேசையில் இறங்கியது. அதிபரின் வெள்ளைச் சேர்ட்டைப் பற்றி எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். சேர் என்னை ஏசவில்லை. ஊசியை என் சட்டைப்பையிலிருந்து தானே எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஏசியிருக்கலாம்.

பல வருசத்துக்குப் பிறகு வாசித்தேன், 1960இல் இத்தாலியின் நேப்பிள்ஸில் எஃப்-8 குருசேடர் என்ற போர்விமானத்தை ஒரு அமெரிக்க விமானி இறக்கை நுனிகள் மடங்கியபடியே கிளப்பிக்கொண்டு போயிருக்கிறார். ஏறிய பிறகுதான் விசயம் தெரிந்திருக்கிறது. நல்லவேளை, உள்பக்க இறக்கையே தாங்கிப் பிடித்தது, சுற்றி வந்து பத்திரமாக இறக்கிவிட்டார். அவருக்குப் பிறகும் சிலர் அதே வகை விமானத்தில் அதே வேலையைச் செய்திருக்கிறார்கள். அதை வாசித்த அன்றுதான் என் தேத்தண்ணி மேசை கொஞ்சம் இலேசானது.

85இல் நாட்டை விட்டு வெளிக்கிட்டேன். பொறியியலாளன் ஆகவில்லை. லண்டனில் இருபத்தைந்து வருசத்துக்கு மேலாக விமான நிலையத் தரையில் வேலை: பொதி ஏற்றுவது, சில்லுக்குக் கட்டை வைப்பது, விமானம் உள்ளே வரும்போது இறக்கை நுனியைப் பார்த்துக்கொண்டு நடப்பது. அந்தக் கடைசி வேலை செய்தவனுக்குத்தான் தெரியும் இறக்கை எவ்வளவு நீளம் என்று. விமானம் நிறுத்தும் இடங்களை இறக்கை அகலத்தை வைத்துத்தான் வகுத்திருக்கிறார்கள். ஒரு வகுப்பு 65 மீற்றருக்கு உட்பட்டவற்றுக்கு, அடுத்தது 80 மீற்றர் வரை. ஏ380 என்ற இரண்டடுக்குப் பயணிகள் விமானம் வந்தபோது அது கிட்டத்தட்ட 80 மீற்றர், குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும்தான் நிற்கும். அது ஒன்று பிந்தினால் எங்கள் முழு நாளும் நாசம்.

நீளத்தைக் குறைத்தால் என்ன என்று கேட்பீர்கள். கூடாது, நீண்டு ஒடுங்கிய இறக்கைக்குத்தான் எண்ணெய் குறையச் செலவாகும். நுனியில் காற்று கீழிருந்து மேலே சுருண்டு ஏறுகிறதே, அந்தச் சுருள்தான் விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும், இறக்கை நீண்டால் இழுவை குறையும். வேகமாகப் போக வேண்டுமென்றால் கதை மாறும், இறக்கை பின்னுக்குச் சாய வேண்டும். இரண்டும் வேண்டும் என்றவர்கள் பறக்கும்போதே இறக்கையை முன்னும் பின்னும் நகர்த்தினார்கள். 1951இல் பெல் எக்ஸ்-5, பிறகு எஃப்-111, எஃப்-14. ரஷ்யாவின் மிக்-27உம் அந்தச் சாதிதான், 16 பாகை, 45 பாகை, 72 பாகை என்று மூன்று நிலை. அதை இலங்கை விமானப்படை 2000இல் வாங்கியது. சத்தம் கேட்டதும் பங்கருக்குள் பாய்ந்த நம் சனத்துக்கு அது எத்தனை பாகையில் வருகிறது என்று பார்க்க நேரம் இருந்திருக்காது. இந்தக் கட்டுரையை எழுதும்போது இந்த இடத்தில் மட்டும் பேனை கொஞ்சம் நின்றது. சரி.

போயிங் ஒலியை விட வேகமான பயணிகள் விமானம் ஒன்றுக்கும் முதலில் இந்த நகரும் இறக்கையைத்தான் வரைந்தது. சுழல் பிணைச்சலும் அதைத் தாங்கும் அமைப்பும் சேர்ந்து அவ்வளவு பாரம், 1968இல் அந்த வடிவத்தைக் கைவிட்டார்கள், 1971இல் திட்டமே போய்விட்டது. பிணைச்சலை ஆரும் போடலாம்தான், அதைச் சுமப்பது யார் என்பதைச் சேர் சொல்லித்தரவில்லை.

2022 ஆடியில் பான்பரோ விமானக் கண்காட்சிக்கு மகனோடு போனேன். போயிங் 777-9 வந்திருந்தது. பறக்கும்போது கிட்டத்தட்ட 72 மீற்றர், தரையில் நுனிகள் மேலே மடங்கினால் 65க்கு உள்ளே. ஒவ்வொரு பக்கமும் மூன்றரை மீற்றர், அவ்வளவுதான், பழைய நிறுத்துமிடத்திலேயே நிற்கலாம். எனக்கு உடனே ஞாபகம் வந்தது 42இல் நம் ஊருக்கு வந்த சீரோ விமானம். அதுவும் முழு இறக்கையை மடக்காது, நுனியில் அரை மீற்றர் மட்டும், கப்பலின் மின்தூக்கிக்குள் போவதற்காக. எண்பது வருசம் கழித்து அதே தந்திரம், இந்தத் தரம் குண்டில்லாமல்.

பூட்டைப் பற்றித்தான் நான் தேடி வாசித்தேன். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2018இல் இந்த மடக்கு நுனிக்கென்றே தனி நிபந்தனைகள் போட்டது: நுனி சரியாகப் பூட்டுப்படவில்லை என்றால் விமானிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் தெரிய வேண்டும், அந்த நிலையில் விமானம் கிளம்பவே முடியாதபடி தடுக்க வேண்டும், தரையில் மடங்கி நிற்கும்போது 65 நொட் காற்று எந்தத் திசையில் அடித்தாலும் தாங்க வேண்டும். 65 நொட் என்றால் மணிக்கு 120 கிலோமீற்றர். கவராயம் போதாது.

மகன் கைபேசியில் காட்டினான், நாசா 2014இல் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் விமானத்தில் பிணைச்சலே இல்லாத மடிப்பை வைத்துப் பறந்திருக்கிறது. இறக்கையின் பின்விளிம்பு இடைவெளி எதுவும் இல்லாமல் அப்படியே வளையும், மேலே 2 பாகை, கீழே 30 பாகை வரை. மிச்சிகனில் பேராசிரியராக இருந்த ஸ்ரீதர் கோட்டா என்பவரின் நிறுவனம் செய்தது. புதிது என்றும் சொல்ல முடியாது, 1899இல் வில்பர் ரைட் சைக்கிள் ரியூப் வந்த வெறும் பெட்டியைக் கையில் வைத்து முறுக்கிப் பார்த்ததும் இதைத்தான், ரைட் சகோதரர்களின் முதல் விமானம் இறக்கையை முறுக்கித்தான் பக்கச் சாய்வைக் கட்டுப்படுத்தியது. சேர் இதை நெருப்புப்பெட்டியின் வெளிக்கூட்டால் செய்து காட்டியவர், எங்களுக்குக் கிளிப் விளையாட்டுத்தான் பிடித்தது, இதைக் கவனிக்கவில்லை.

சேர் இப்போது இல்லை. போன வருசம் ஊருக்குப் போனபோது அதிபரின் அனுமதியோடு ஆய்வுகூடத்தை எட்டிப் பார்த்தேன். மூன்றாவது யன்னல் இப்போது அலுமினியம், பக்கவாட்டில் தள்ளுவது. பழைய மரச்சட்டத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். பிணைச்சல் இருந்த இடத்து ஆணித்துளைகளைப் புட்டி வைத்து மூடிப் பெயின்ற் அடித்திருந்தார்கள், கீழே ஒன்றை மட்டும் மறந்துவிட்டார்கள். என் சுண்டுவிரல் நுனி அதற்குள் போனது.