அடியில் ஓடுவது

மார்ச் 3, செவ்வாய்

டீஜே ஒருவர் பல பாட்டுகளை இடைவிடாமல் கோத்துச் செய்த ஒரு மணி நேர மிக்ஸ் ஒன்றை நண்பன் அனுப்பியிருந்தான். கூடவே ஒரே வரி: "17வது நிமிஷம் கேளு." வேறு வேலை பார்த்துக்கொண்டே, போனை மேசையில் வைத்துக் கேட்டேன். 17வது நிமிடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. டிக் டிக் என்று ஒரு ஹை-ஹாட் தாளத்தட்டு, எப்போதாவது ஒரு கைதட்டல், நடுவில் யாரோ ஒரு பெண் ஒரு சொல்லைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறாள். மற்றபடி வெறும் இடைவெளி.

"இதுல என்னடா இருக்கு?" என்று கேட்டேன்.

"எதுல கேட்ட?"

போனில் என்றேன். அதன்பிறகு பதிலே இல்லை.

ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு மறுபடி போட்டேன். நான் இடைவெளி என்று நினைத்த இடத்தில்தான் பாட்டே இருக்கிறது. கைதட்டலுக்கும் கைதட்டலுக்கும் நடுவே ஒரு பேஸ், அதாவது அடியில் ஓடும் தாழ்ந்த ஒலி, மெல்ல எழுந்து, வளைந்து, கீழே இறங்கிப் படுத்துக்கொள்கிறது. போனில் இருக்கும் ஸ்பீக்கர் நகம் அளவுதான். சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே காற்றைத் தள்ள அதற்குத் தெம்பு கிடையாது. இந்த பேஸ் ஓடுவதோ 50 ஹெர்ட்ஸ் பக்கம். ஆளில்லாத வீடு என்று வாசலோடு திரும்பி வந்திருக்கிறேன். உள்ளே ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்திருக்கிறது.

மார்ச் 4, புதன்

பாட்டுப் பட்டியலில் அந்த இடத்தில் "ஐடி – ஐடி" என்று மட்டும் போட்டிருக்கிறது. பாட்டின் பெயரும் தெரியாது, செய்தவர் பெயரும் தெரியாது என்று அர்த்தம். பல சமயம், தெரியும் ஆனால் சொல்ல மாட்டோம் என்றும் அர்த்தம். வெளிவராத பாட்டை நம்பகமான நாலு டீஜேக்களிடம் மட்டும் புரொட்யூசர் கொடுத்து வைப்பார். அவர்கள் போடப் போட ஊரெல்லாம் "அது என்ன பாட்டு?" என்று அலையும்.

(புரொட்யூசர் என்றே எழுதப் போகிறேன். தயாரிப்பாளர் என்றால் நமக்குப் பணம் போடுகிறவர் நினைவுக்கு வந்துவிடுகிறார். இங்கே புரொட்யூசர் என்பவர் மெட்டு, தாளம், ஒலி, கலவை எல்லாவற்றையும் ஒற்றை ஆளாக உட்கார்ந்து செய்கிறவர். பணம் பெரும்பாலும் அவரிடம் இருக்காது.)

இந்த ஒளித்து வைக்கும் பழக்கம் இன்றைக்கு வந்ததில்லை. 1950களில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் சவுண்ட் சிஸ்டம் (பெரிய ஸ்பீக்கர் அடுக்கி இசைத்தட்டு போட்டு ஆட வைக்கும் ஏற்பாடு) நடத்தியவர்கள், அமெரிக்காவிலிருந்து வந்த இசைத்தட்டுகளின் லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் ஒலிக்க விடுவார்கள். போட்டிக்காரன் எட்டிப் பார்த்தாலும் பெயர் தெரியக் கூடாது. பிறகு தங்களுக்கென்று ஒரே ஒரு பிரதி வெட்டிக்கொள்ளும் டப்பிளேட் வழக்கம் வந்தது. அலுமினியத் தட்டின்மேல் லாக்கர் பூச்சு. அதில் வெட்டிய பாட்டு ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் கொஞ்சம் தேயும். சில பத்து முறை போட்டால் உயர் ஒலிகள் மங்க ஆரம்பித்துவிடும். கேட்கக் கேட்கத் தீர்ந்துபோகும் பாட்டு.

மார்ச் 7, சனி

இன்று முழுக்கப் பின்னோக்கித் தோண்டினேன். டப்ஸ்டெப் என்ற மின்னணு இசை வகையைச் சொன்னதும் கடப்பாரையால் தகரத்தைக் குத்துவது போன்ற சத்தம்தான் எனக்கு நினைவுக்கு வரும். அது பின்னால் வந்த கிளை. வேர் வேறு மாதிரி இருக்கிறது.

தெற்கு லண்டனில் கிராய்டன் என்ற இடம். அங்கே பிக் ஆப்பிள் என்று ஒரு இசைத்தட்டுக் கடை. டீஜே ஹாட்சா அங்கே வேலை பார்த்தார். ஸ்க்ரீம், பெங்கா இருவரும் அந்தக் கடையைச் சுற்றி வந்த பதின்ம வயதுப் பையன்கள். ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற சாதாரண மென்பொருளில் பாட்டுச் செய்துகொண்டிருந்தார்கள். வேகம் நிமிடத்துக்கு 140 தட்டு. ஆனால் ஸ்னேர் டிரம் நாலு தட்டுக்கு ஒரு முறை, மூன்றாவதில் மட்டும் விழும். அதனால் காலுக்கு 70 மாதிரியும் காதுக்கு 140 மாதிரியும் படும். அந்த இரண்டுக்கும் நடுவே கிடைக்கிற காலியிடத்தில்தான் பேஸ் குடியேறியது.

2005-ல் டிஜிட்டல் மிஸ்டிக்ஸும் (மாலா, கோக்கி) லோஃபாவும் பிரிக்ஸ்டனில் டிஎம்இசட் என்ற இரவு நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். பேஸின் கனத்தில் தியானம் செய்யுங்கள் என்பது அவர்கள் அழைப்பு. படித்தபோது சிரிப்பு வந்தது. மாலாவின் பாட்டு இரண்டைத் தொடர்ந்து கேட்டபின் சிரிப்பு போய்விட்டது.

ப்யூரியல் என்ற புரொட்யூசர் பற்றித் தனியாக எழுத வேண்டும். 2007-ல் வந்த 'அன்ட்ரூ' தொகுப்பை, தாளத்தைக் கட்டம் போட்டு அடுக்கித் தரும் மென்பொருள் இல்லாமல், சவுண்ட் ஃபோர்ஜ் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அலைவடிவத்தைக் கண்ணால் பார்த்தே அடுக்கியதாக அவர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் அவருடைய டிரம்ஸ் எப்போதும் ஒரு மயிரிழை தள்ளியே விழுகிறது. தூக்கக் கலக்கத்தில் படியிறங்குகிறவன் கால் மாதிரி. அவரும் பெயரை ஒளித்தவர்தான். அடுத்த ஆண்டுதான் தன் பெயர் வில்லியம் பெவன் என்று தானே சொன்னார். சொன்னதால் இசைக்கு ஒன்றும் கூடவுமில்லை, குறையவுமில்லை.

மார்ச் 10, செவ்வாய்

பாட்டுச் செயலியின் பரிந்துரையை நம்பி மூன்று நாள் வீண். நேற்றுக் கேட்டதையே இன்று வேறு சட்டை மாட்டி அனுப்புகிறது. இனிமேல் வேறு வழி: பிடித்த பாட்டின் லேபிள் (வெளியிட்ட நிறுவனம்) எது, அந்த லேபிளில் வேறு யார் இருக்கிறார்கள், ரீமிக்ஸ் செய்தது யார், கடைசியாக ஒலியைச் சரிக்கட்டும் மாஸ்டரிங் யார். ஒரு பெயரைப் பிடித்தால் நாலு பெயர் கொத்தாக வருகிறது. மாலாவைப் பிடித்து டீப் மெடி, பிஞ்ச்சைப் பிடித்து பிரிஸ்டலின் டெக்டானிக், அங்கிருந்து லிவிட்டி சவுண்ட், டைம்டான்ஸ். கடைசி இரண்டிலும் இப்போது வருகிற ஆட்கள்தான் எனக்கு வேண்டியவர்கள். வேகம் 130 பக்கம், டெக்னோ மாதிரி தொடங்கும், ஆனால் கிக் டிரம் (தாளத்தின் கனத்த அடி) நேர்க்கோட்டில் நடக்காது.

மார்ச் 12, வியாழன்

சிகாகோ. ஃபுட்வொர்க் என்ற இசை வகை. 160 தட்டு. முதல் பத்து நிமிடம் தலைவலி.

பிளானட் மியூ லேபிள் 2010-ல் வெளியிட்ட 'பேங்ஸ் அண்ட் வொர்க்ஸ்' முதல் தொகுப்பில் ஆரம்பித்தேன். இது நடனப் போட்டிக்காகச் செய்த இசை. நடுவில் நின்று காலால் சண்டை போடுகிறவர்களுக்கு. தாளம் காலுக்குப் பொறி வைக்கிறது. எங்கே கிக் விழும் என்று நினைத்தோமோ அங்கே விழாது. ஆர்பி பூவின் பாட்டில் ஒரே சொற்றொடர் இருபது முறை திரும்ப வருகிறது. பத்தாவது முறையில் எரிச்சல், இருபதாவதில் அது சொல்லாகவே இல்லை, தோல் வாத்தியமாகிவிடுகிறது. டீஜே ரஷாதின் 'டபுள் கப்' 2013. மறு ஆண்டே, 34 வயதில் போய்விட்டார்.

இன்று ராத்திரி தூங்க விடாதவர் ஜெலின். இண்டியானாவின் கேரி நகரம், இரும்பாலையில் வேலை. வேலை முடிந்து வந்து பாட்டுச் செய்தவர். ஆரம்பத்தில் பழைய பாடலொன்றின் துண்டை வைத்துச் செய்ததை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினாராம். அம்மா, சரி, ஆனால் உன் சொந்த ஒலி எப்படி இருக்கும் என்று கேட்டாராம். அதோடு மற்றவர் பாட்டிலிருந்து துண்டெடுப்பதை விட்டுவிட்டார். 2015-ல் 'டார்க் எனர்ஜி' வந்தது. 2023-ல் புலிட்சர் இசைப் பரிசின் இறுதிப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. என் வீட்டில் இந்தக் கேள்வி வந்திருந்தால் நான் ஒரு வாரம் சாப்பிடாமல் கோபித்துக்கொண்டு கிடந்திருப்பேன்.

மார்ச் 14, சனி

ஸ்பீக்கர் ஜோடி வந்துவிட்டது. எட்டு அங்குல வூஃபர், பேஸைத் தள்ளும் பெரிய கூம்பு. மேசையில் வைத்து, அறையின் நட்டநடுவில் நாற்காலி போட்டு ராஜா மாதிரி உட்கார்ந்தேன்.

புதிய புரொட்யூசர் ஒருவரின் இரண்டாவது வெளியீட்டை ஆசையோடு போட்டேன். பெயர் எழுதவில்லை. பெரிய ஏமாற்றம். மேலே அத்தனை நுணுக்கம், அடியில் ஒன்றுமில்லை. பேஸ் வர வேண்டிய இடத்தில் மூச்சு விடுவது போல ஏதோ வந்து போகிறது. அலங்காரம் தெரிந்தவர், அஸ்திவாரம் தெரியாதவர் என்று நண்பனுக்கு எழுதி அனுப்பினேன். எழுதிய வரி எனக்கே பிடித்துப் போயிற்று.

மார்ச் 15, ஞாயிறு

நேற்றைய பக்கத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. இருக்கட்டும், அவமானத்துக்கு.

காலையில் ஸ்பீக்கரைச் சோதிக்கலாம் என்று, 20 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து மெல்ல ஏறும் சைன் அலை ஒன்றை ஓட விட்டேன். 30-ல் காது எதுவும் சொல்லவில்லை. வூஃபர் மட்டும் தவளைத் தொண்டை மாதிரி உள்ளேயும் வெளியேயும் போய் வந்தது. 40-ல் நெஞ்சில் யாரோ உள்ளங்கையை வைத்த மாதிரி. 47, 48... திடீரென்று சத்தம் காணாமல் போய்விட்டது. 53-ல் மறுபடி வந்தது. 62-ல் ஜன்னல் கண்ணாடி ஙொய் என்று கூடவே பாட ஆரம்பித்தது.

49-ல் நிறுத்தி வைத்துவிட்டு எழுந்தேன். இரண்டு எட்டு பின்னால் வைத்ததும் சத்தம் திரும்ப வந்தது. பின்சுவரில் முதுகைச் சாய்த்தால் காதை அடைக்கிறது. திரும்ப நாற்காலிக்கு வந்தால், அமைதி. ஒரே அறை, ஒரே ஒலி, ஒரே நேரம்.

டேப்பை எடுத்து அளந்தேன். அறையின் நீளம் 3.5 மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 49 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 7 மீட்டர். அதில் சரிபாதி என் அறை. எதிரெதிர்ச் சுவரில் மோதித் திரும்பும் அலைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, சுவரோரம் வீங்கி, நட்டநடுவில் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடுகின்றன. அந்த நட்டநடுவில்தான் ராஜா உட்கார்ந்திருந்தார்.

49 ஹெர்ட்ஸ் என்பது ஜி சுரம். நேற்றைய பாட்டை அலைவரிசை காட்டும் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். பேஸ் முழுக்க ஜியில்தான் நிற்கிறது. அவ்வப்போது ஒரு சுரம் மேலே போய்த் திரும்பி வருகிறது. அதுதான் எனக்கு மூச்சு மாதிரி கேட்டது.

மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முழுதும் கேட்டேன். நல்ல பாட்டு. ரொம்ப நல்ல பாட்டு. கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டினார். அவருக்கும் கேட்டிருக்கிறது, எனக்கு முன்பாகவே.

நாற்காலியை 70 சென்டிமீட்டர் பின்னால் தள்ளிப் போட்டாயிற்று.

மார்ச் 18, புதன்

சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் போதாது என்று ஒரு பேஸ் செய்து பார்த்தேன். 'ரீஸ்' பேஸ். டெட்ராய்ட்டின் கெவின் சாண்டர்சன் 1988-ல் ரீஸ் என்ற பெயரில் வெளியிட்ட ஒரு பாட்டில் வந்த ஒலி. அதை ஜங்கிள் என்ற வேகத் தாள இசைக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய், அதிலிருந்து வளர்ந்த ட்ரம் அண்ட் பேஸ் இசையின் முதுகெலும்பாகவே ஆக்கிவிட்டார்கள்.

செய்முறை என்று பார்த்தால் சிரிப்பு வரும். இரண்டு ரம்பப்பல் அலைகள். ஒன்று 55 ஹெர்ட்ஸ், இன்னொன்று 55.5. அவ்வளவுதான். அரை ஹெர்ட்ஸ் வித்தியாசம் இருப்பதால் இரண்டு நொடிக்கு ஒரு முறை ஒலி பெருத்துச் சிறுக்கும். ஆனால் ரம்பப்பல் அலையில் மேலே மேலே, அடி அலையின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஒத்திசை அலைகள் இருக்கின்றனவே. பத்தாவது ஒத்திசையில் வித்தியாசம் 5 ஹெர்ட்ஸ், அது நொடிக்கு ஐந்து முறை துடிக்கும். ஆக அடியில் மெதுவாகவும் மேலே வேகமாகவும் ஒரே ஒலி பல வேகத்தில் புரள்கிறது. ஃபில்டரை மூடித் திறந்தால் உறுமல்.

போனில் கேட்கிறவர்களுக்கும் ஒரு தந்திரம் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் பேஸைக் கொஞ்சம் சிதைத்தால் 100, 150, 200 என்று மேல் அலைகள் முளைக்கும். சின்ன ஸ்பீக்கரில் 50 வராது. ஆனால் மற்றவற்றின் இடைவெளியை வைத்து மூளை 50-ஐத் தானே கற்பித்துக்கொள்ளும். 17வது நிமிடத்து ஆள் இதைச் செய்யவில்லை. சுத்தமான சைன். போனில் கேட்கிறவன் எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்ட மாதிரி.

மார்ச் 22, ஞாயிறு

ஊர் ஊராகச் சுற்றினேன். லிஸ்பனில் பிரின்சிப்பே லேபிள்: டீஜே மார்ஃபாக்ஸ், நிடியா. தாளம் நொண்டுவது போல இருக்கும், விழாது. தான்சானியாவின் தார் எஸ் சலாமில் சிங்கெலி இசை, 200 தட்டுக்கும் மேலே, எனக்கு வயதாகிவிட்டது. கொலம்பியாவின் ட்ராட்ராட்ராக்ஸ் லேபிளை அடுத்த வாரத்துக்கு வைத்திருக்கிறேன், அது ஒரு நாளில் முடிகிற காரியமில்லை.

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வரும் இசையின் பெயரைத் தமிழில் எழுத வழியில்லை. க்கோம் என்று எழுதலாம். ஆனால் ஜுலு மொழியில் தொடக்கத்தில் வரும் ஒலியை நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'டொக்' என்று சொடுக்க வேண்டும். அரைமணி நேரம் சொடுக்கிப் பார்த்தேன். டீஜே லேகின் பாட்டுகளில் பேஸ் ஒரு பக்கம் இருண்டு கிடக்க, டிரம்ஸே மெட்டாகவும் இருக்கிறது.

மார்ச் 25, புதன்

கூச்சத்தை விட்டு, மிக்ஸ் செய்த டீஜேவுக்கே எழுதிக் கேட்டேன். அவர் பதில் போட்டதே ஆச்சரியம். "நண்பருடையது. இன்னும் பெயர் வைக்கவில்லை" என்று சொல்லி, அந்த நண்பரிடமே கேட்கச் சொல்லிவிட்டார்.

மார்ச் 28, சனி

அந்த நண்பரும் எழுதினார். இரண்டே வரி. பாட்டு பிடித்ததற்கு நன்றி. ஆனால் பேஸ் சரியாக வரவில்லை என்று அந்தப் பதிப்பை அழித்துவிட்டு வேறு மாதிரி செய்துகொண்டிருக்கிறார். பழைய கோப்பு அவரிடமே இல்லை. மிக்ஸ் செய்த டீஜேவைத் தவிர வேறு யாரிடமும் கொடுத்ததுமில்லை.

அப்படியென்றால் அந்தப் பாட்டு இப்போது எனக்குக் கிடைக்கிற ஒரே இடம் அந்த மிக்ஸ்தான். 17:08-ல் நுழைகிறது. 20:41-ல் அடுத்த பாட்டு அதன்மேல் ஏறிவிடுகிறது. கடைசி இருபது நொடியில் இரண்டு பேஸும் கலந்து கொஞ்சம் சேறாக இருக்கிறது. மிக்ஸைத் தரவிறக்கி இரண்டு ஹார்ட் டிஸ்கில் போட்டு வைத்திருக்கிறேன்.