படிக்கட்டுத் திருப்பத்தில் ஒருவர்

எங்கள் கல்லூரியில் புதுச் சாப்பாட்டுக் கூடம் திறந்த சில மாதங்களில் எனக்கு ஒரு விநோதமான வேலை வந்து சேர்ந்தது. நான் கட்டடப் பராமரிப்புப் பிரிவில் இருப்பவன். குழாய் ஒழுகுவது, விளக்கு எரியாதது, கதவு பூட்டிக்கொண்டு திறக்காதது, இதுதான் என் அன்றாடம். கூடத்தில் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடக்க, படிக்கட்டு, தாழ்வாரம், ஆய்வகத்துக்கு வெளியே இருக்கும் திண்டு என்று எல்லா இடத்திலும் சாப்பாட்டுத் துணுக்கும் காகித டம்ளருமாக இருப்பதைப் பார்த்த என் மேலாளர், "பசங்க எங்கதான் போய்ச் சாப்பிடறாங்கன்னு மூணு வாரம் பார்த்து எழுதிக் குடுங்க" என்றார். சாப்பாடு பிடிக்கவில்லை போலிருக்கிறது, எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

முதல் நாள் சொதப்பல். வளாகத்தின் வரைபடத்தை நகலெடுத்து அட்டையில் செருகி, கழுத்தில் அடையாள அட்டையோடு நூலகப் படிக்கட்டின் கீழே போய் நின்றேன். ஐந்து நிமிடத்தில் படிக்கட்டு காலி. அபராதம் போட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள்! இரண்டாம் நாள் அடையாள அட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்து நானும் படியிலேயே உட்கார்ந்தேன். கால்மணிக்கு ஒரு தரம் எழுந்து ஒரு சுற்று, ஆள் இருக்கும் இடத்தில் எல்லாம் வரைபடத்தில் ஒரு புள்ளி. தனியாக இருந்தால் வட்டம், கூட்டமாக இருந்தால் கறுப்புப் புள்ளி. அவ்வளவுதான் முறை.

முதலில் பிடிபட்டது நேரம். இடைவேளை 50 நிமிடம். வகுப்பிலிருந்து கூடத்துக்குப் போக 7 நிமிடம், திரும்ப 7. கவுன்ட்டரில் நிமிடத்துக்கு ஆறு பேருக்குத்தான் தட்டு தர முடிகிறது, கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது வரிசையில் 90 பேர். அப்படியென்றால் கடைசி ஆள் 15 நிமிடம் நிற்க வேண்டும். வரிசையில் இருப்பவர் எண்ணிக்கை, வந்து சேரும் வேகம், காத்திருக்கும் நேரம் இந்த மூன்றுக்கும் உள்ள உறவை ஜான் லிட்டில் என்பவர் 1961இல் கணிதமாகவே நிரூபித்துவிட்டார், எங்கள் வரிசைக்கு அதில் விலக்கு எதுவும் இல்லை. மிஞ்சுவது 21 நிமிடம், அதற்குள் உட்கார இடம் தேடி, சாப்பிட்டு, கை கழுவ வேண்டும். டப்பா கொண்டு வருகிறவன் எதற்கு அந்தப் பக்கமே போகிறான்? வகுப்பு வாசலிலேயே திறந்துவிடுகிறான். இதை ஒரு பத்தியில் எழுதி முடித்திருக்கலாம். ஆனால் நேரம் இருப்பவர்களும் கூடத்துக்கு வரவில்லை என்பதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது.

கூடத்துக்குள் ஒரு வாரம் உட்கார்ந்தேன். சுவர் ஓரம் முதலில் நிரம்பும், பிறகு ஜன்னல் பக்கம், நடுவில் இருக்கும் மேசைகள் கடைசியில்தான். எல்லாமே ஆறு பேர் மேசை. நாற்காலிகள் மேசையோடு சேர்த்து இரும்புக் குழாயால் பிணைக்கப்பட்டவை, நகராது. ஒரு மேசையின் ஓரத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்துவிட்டால் போதும், மற்ற ஐந்து இடமும் செத்துப்போகும். யாரும் எதுவும் சொல்வதில்லை, வருகிறவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள். 1960களில் ராபர்ட் சோமர் என்ற உளவியலாளர் நூலக மேசைகளை வைத்து இதையே ஆராய்ந்திருக்கிறார்: தன்னைத் தொந்தரவு செய்யாமல் விட்டால் போதும் என்பவர் ஓரத்து நாற்காலியைத் தேடுகிறார், மேசையே தனக்கு வேண்டும் என்பவர் நடுநாற்காலியைப் பிடிக்கிறார். எங்கள் பிள்ளைகள் அவரைப் படித்ததில்லை, ஆனால் அப்படியே செய்தார்கள். 240 இருக்கை என்று திறப்பு விழாவில் பெருமையாகச் சொன்னோம், என் கணக்கில் அது 110 பேருக்கான கூடம்.

அப்புறம் சத்தம். கண்ணாடிச் சுவர், வழவழப்பான தரை, உயரமான கூரை. சத்தத்தை உறிஞ்ச ஒரு துண்டுத் துணிகூட இல்லை. சுற்றிலும் சத்தம் இருந்தால் நாம் அறியாமலேயே குரலை உயர்த்துகிறோம், 1911லேயே எத்தியன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் கவனித்துச் சொன்ன விஷயம் இது. ஒருவர் உயர்த்த, பக்கத்து மேசை அதற்கு மேல் உயர்த்த, பதினைந்து நிமிடத்தில் எல்லோரும் கத்திக்கொண்டிருப்பார்கள். ஆய்வகத் திண்டில் தினமும் சாப்பிடும் ஒரு மாணவியிடம், கூடத்துக்கு ஏம்மா வருவதில்லை என்று ஒருநாள் கேட்டேன். காதுக்குப் பின்னால் இருந்த கருவியைத் தொட்டுக் காட்டினாள். "இதைப் போட்டுட்டு அங்க உக்காந்தா ஸ்பூன் சத்தம் மட்டும்தான் சார் கேக்கும். கழட்டிட்டா ஃப்ரெண்ட்ஸ் பேசறது கேக்காது." அவளுடைய கூட்டம் ஏழு பேர். அவளுக்காக ஏழு பேரும் தூசி படிந்த திண்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், நாங்கள் அதை ஒழுங்கீனம் என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது வாரம் யாரிடமும் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். கிடங்கில் உடைசலோடு உடைசலாக இருபது பழைய நாற்காலிகள் கிடந்தன, நான்கு கால்களும் நிற்பவையாகப் பார்த்துத் துடைத்து நூலகத்துக்கு எதிரே மரத்தடியில் வரிசையாகப் போட்டுவிட்டேன். மறுநாள் மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தால் வரிசை இல்லை. இரண்டு நாற்காலிகள் ஒன்றையொன்று பார்த்து, முட்டி இடிக்கும் நெருக்கத்தில். ஐந்து ஒரு வட்டமாக. ஒன்று சுவரைப் பார்த்து, ஏனென்றால் அந்தச் சுவரில்தான் போன் சார்ஜ் போடும் இடம் இருக்கிறது. இன்னொன்று எல்லாவற்றுக்கும் தள்ளி, முதுகை மரத்துக்குக் கொடுத்து, முழு வழியையும் பார்க்கிற மாதிரி. துப்புரவுப் பணியாளர் ஒவ்வொரு மாலையும் அவற்றை வரிசையாக அடுக்கிவிட்டுப் போவார், அக்கா, ஒரு வாரம் அப்படியே விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். 1970களில் நியூயார்க் சதுக்கங்களைக் கேமரா வைத்துப் படம் பிடித்த வில்லியம் வைட் என்பவரும் இதைச் சொல்லியிருக்கிறார்: உட்காரும் முன் நாற்காலியைச் சும்மாவேனும் ஓரங்குலம் நகர்த்துவார்கள், பழைய இடத்திலேயே வந்து நின்றாலும் சரி. எங்கள் மரத்தடியிலும் அப்படித்தான், நகர்த்தாமல் உட்கார்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவருடைய வேலையின் பலனாக 1975இல் அந்த நகரம், சதுக்கத்தின் ஒவ்வொரு 30 சதுர அடிக்கும் ஓர் அடி நீள இருக்கை வேண்டும் என்று விதியே போட்டது. நாங்கள் விதியெல்லாம் போடவில்லை, பழைய நாற்காலியை யார் வெளியே எடுத்தது என்று கேட்டு எனக்கு ஒரு குறிப்பாணை மட்டும் வந்தது.

இனி அந்த வட்டங்கள். தனியாகச் சாப்பிடுகிறவர்களுக்கு நான் போட்ட வட்டங்கள். கூடத்துக்குள் அவை மிகக் குறைவு, படிக்கட்டுத் திருப்பங்கள், பூட்டிய வகுப்பின் வாசல், கட்டடத்தின் பின்பக்கம் என்று வரைபடத்தின் ஓரங்களில்தான் சிதறிக் கிடந்தன. முதன்மைக் கட்டடத்தில் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே உள்ள திருப்பத்தில் ஒரு பையன். தினமும் 12.45க்கு வருவான். டப்பாவை மடியில் வைத்துத் திறப்பான், மூடியை முழுதாக எடுக்காமல் பாதி சாய்த்தே வைத்திருப்பான். காலடிச் சத்தம் கேட்டால் போதும், போனை எடுத்துக் காதில் வைத்து "ம்… சரி… வந்துடறேன்" என்பான். ஆள் கடந்து போனதும் போன் கீழே, மறுபடி ஒரு வாய். நான் மேலேயிருந்து இறங்கியபோது ஒருமுறை அந்தப் போனின் திரை என் பக்கம் திரும்பியிருந்தது. பூட்டுத் திரைதான் தெரிந்தது, மணி 12.58 என்று. அழைப்பு எதுவும் ஓடவில்லை.

தனியாகச் சாப்பிடுவதில் ஒரு குறையும் இல்லை, எனக்கே அது பிடிக்கும். தனியாக இருப்பது வேறு, துணையில்லாதவனாகத் தெரிவது வேறு. ஆறு பேர் மேசையில் ஒருவன் உட்கார்ந்தால் சுற்றி ஐந்து காலி நாற்காலிகள் அவனைப் பற்றி ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கும். படிக்கட்டில் அந்தத் தொல்லை கிடையாது, அங்கே காலி நாற்காலி என்று ஒன்று இல்லவே இல்லை. இதை அறிக்கையில் எழுதினேன். ஜன்னலை ஒட்டி வெளியே பார்த்தபடி நீளமாக ஒரு பலகை, அதன் கீழே முக்காலிகள், சில இரண்டு பேர் மேசைகள், கூரைக்குச் சத்தம் உறிஞ்சும் தட்டிகள் என்று பரிந்துரைத்தேன். கூட்டத்தில் ஒருவர் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு, "அப்ப சாப்பாட்டு ருசி பத்தி ஒண்ணுமே இல்லையே?" என்றார்.

முதலில் நடந்தது, படிக்கட்டுகளில் 'இங்கு அமர்ந்து உண்ணக் கூடாது' என்று அறிவிப்பு ஒட்டியது. ஒட்டியதும் நான்தான், என் பிரிவு வேலை அது. எட்டு மாதம் கழித்து ஜன்னல் பலகை வந்தது, பதினான்கு முக்காலிகளோடு. தட்டிகள் இன்னும் வரவில்லை, அந்தப் பெண்ணும் தோழிகளும் திண்டிலேயேதான் படிப்பை முடித்துவிட்டுப் போனார்கள். முக்காலிகள் திறந்த அன்றே நிரம்பிவிட்டன. முதல் ஒரு வாரம் தினமும் போய் அந்தப் பையன் வந்திருக்கிறானா என்று பார்த்தேன், வரவில்லை.

இந்த வருஷம் அந்தத் திருப்பத்தில் வேறு யாரோ உட்காருகிறார்கள். முகம் பார்த்ததில்லை, 12.45லிருந்து 1.15 வரை நான் கிழக்குப் படிக்கட்டு வழியாகத்தான் இறங்குகிறேன்.