பிரிவு எண்ணோடு போனோம்: தேர்தல் சட்டத் திருத்தத்துக்கு மனுக் கொடுத்த அனுபவம்

நாடாளுமன்றக் குழு ஒரு மசோதாவுக்குப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது என்று செய்தி வந்தால், நம்மில் பலர் அதைப் படித்துவிட்டு அப்படியே விட்டுவிடுவோம். நாம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம்தான். 2022-ல் தென்னாப்பிரிக்கத் தேர்தல் சட்டத் திருத்த மசோதா வந்தபோது, டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் குடியிருப்போர் சங்கத்திலும் இதே பேச்சுதான். ஆனாலும் மனு எழுதினோம், மாகாணக் கூட்டத்தில் பேசினோம், கேப் டவுனில் குழு வரிவரியாக விவாதித்ததைக் கடைசிவரை பார்த்தோம். அடுத்த மசோதா வரும்போது யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: இங்கே 1994 முதல் 2019 தேர்தல்வரை கட்சிப் பட்டியலுக்குத்தான் வாக்கு. நாடாளுமன்றத்தின் கீழவையான தேசிய சட்டமன்றத்தில் 400 இடங்கள். வாங்கிய வாக்கு விகிதப்படி கட்சிகளுக்குப் பிரியும். நகராட்சி வார்டில் சுயேச்சையாக நிற்கலாம், ஆனால் நாடாளுமன்றத்துக்கும் மாகாண சட்டமன்றத்துக்கும் கட்சி வழியாகத்தான் அப்போது போக முடிந்தது. இது அரசியல் சாசனத்தின் 19-ஆம் பிரிவு தரும் உரிமைக்கு முரண் என்று 2020 ஜூன் 11 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 24 மாதத்துக்குள் சட்டத்தைத் திருத்தச் சொன்னது. வல்லி மூசா தலைமையில் ஆலோசனைக் குழு அமைத்தார்கள். அதில் பெரும்பான்மையினர் தொகுதிகளும் பட்டியலும் கலந்த முறை வேண்டும் என்றார்கள். சிறுபான்மையினர், இருக்கிற முறையிலேயே சுயேச்சைகளை நுழைத்தால் போதும் என்றார்கள். அப்போதைய உள்துறை அமைச்சர் மொட்சுவாலேடி எடுத்துக்கொண்டது இரண்டாவது வழியை.

எங்களுக்குச் சிக்கல் இங்கேதான் தொடங்கியது. சங்கத்தில் எல்லோருக்கும் வேண்டியது தொகுதி. எங்கள் பகுதிக்கென்று ஒரு நாடாளுமன்ற உறுப்பினர், பெயர் சொல்லிக் கேள்வி கேட்கக்கூடிய ஆள். சங்கத்தில் மூத்த தாத்தா ஒருவர் 1984-ல் நிறவெறி அரசு இந்தியர்களுக்கென்று தனி அவை வைத்து நடத்திய தேர்தலைப் புறக்கணித்தவர். "அப்போ ஓட்டு வேண்டாம்னு வீடு வீடாப் போய்ச் சொன்னோம். 94-ல ஓட்டு வந்தது. யாருக்குப் போடுறோம்னு இன்னமும் ஆள் தெரியலையே" என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம். ஆனால் கையில் இருந்த மசோதாவில் தொகுதி என்ற பேச்சே இல்லை.

ஆகவே மனுவை இரண்டாகப் பிரித்தோம். முதல் பகுதியில் தொகுதிக் கோரிக்கை, அரைப் பக்கத்துக்கு மேல் போகாமல். இரண்டாவது பகுதி ஓர் அட்டவணை: மசோதாவில் எந்தப் பிரிவு, இப்போது என்ன வாசகம், அதனால் யாருக்கு என்ன பாதிப்பு, அதற்குப் பதிலாக நாங்கள் கேட்கும் வாசகம். இந்தக் கடைசிக் கட்டம்தான் கடினம். கோபமாக ஒரு பக்கம் எழுதிவிடலாம். சட்டத்தில் அப்படியே ஒட்டக்கூடிய ஒரு வாக்கியம் எழுத ஒரு மாலை முழுக்கப் போகும். உதாரணத்துக்கு, சுயேச்சை ஒருவர் ஓர் இடத்துக்குத் தேவையானதைவிட எத்தனை வாக்கு அதிகம் வாங்கினாலும் அந்த மிச்சம் வீணாகும். கட்சிக்கு மிச்ச வாக்கு பட்டியலில் அடுத்த ஆளுக்கு உதவும். ஒரே ஓட்டுக்கு இரண்டு மதிப்பு வைப்பது சரியில்லை என்று எழுதினோம். இன்னொன்று, சுயேச்சைகளுக்குத் திறந்திருந்தவை 400-ல் மாகாணவாரியாக நிரப்பும் பிராந்திய இடங்கள் 200 மட்டும். அதைக் கூட்டச் சொன்னோம்.

மாகாணப் பொதுக் கூட்டம் வேறு மாதிரி அனுபவம். மசோதாவை ஆராயும் நாடாளுமன்ற உள்துறைக் குழு வருகிறது என்றதும் மக்கள் உள்துறைக் குறைகளையெல்லாம் கொண்டுவந்துவிட்டார்கள். அடையாள அட்டை வரவில்லை, பிறப்புச் சான்றிதழில் பெயர் தப்பு, அலுவலக வரிசையில் விடிகாலையிலிருந்து நிற்கிறோம் என்று ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். எல்லாம் உண்மையான கஷ்டம். வெளியே மேசை போட்டு அவற்றைத் தனியே குறித்துக்கொண்டார்கள். மைக் முன்னால் கிடைப்பது சில நிமிடங்கள்தான். பேசுவது ஜூலுவிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் போகும். எங்கள் சார்பில் பேசிய அக்கா ஒரே ஒரு பிரிவை எடுத்துக்கொண்டார். பிரிவு எண்ணைச் சொன்னதும் முன்வரிசையில் இருந்த உறுப்பினர்கள் கையிலிருந்த மசோதாவைப் புரட்டினார்கள். அதுவரை யார் பேசும்போதும் அந்தக் காகிதம் திறக்கவில்லை.

ஏப்ரலில் டர்பனை வெள்ளம் அடித்துப் போட்டது. நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டொங்காட்டில் தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையமே உடைந்து ஊர் மாதக் கணக்கில் தவித்தது. சங்கத்தில் எல்லோரும் சோறு, போர்வை, தண்ணீர் என்று ஓடினோம். யாரும் மசோதாவை நினைக்கவில்லை.

அப்புறம் குழு கூட்டங்களைப் பார்க்கத் தொடங்கினோம். யூட்யூபில் நேரலை வரும். லோட் ஷெடிங்கில் மின்சாரம் போனால் நாடாளுமன்றக் குழுக் கூட்டங்களைப் பதிவுசெய்யும் பி.எம்.ஜி. என்ற அமைப்பின் தளத்தில் வரும் கூட்டக் குறிப்பைப் படிப்போம். இந்தக் கட்டத்தைத் தவறவிடக் கூடாது என்பேன். மனுக்களையெல்லாம் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் துறையின் பதிலைப் பக்கத்தில் போட்டு ஓர் அட்டவணை வந்தது. எங்கள் தொகுதிக் கோரிக்கைக்கு, இன்னும் எத்தனையோ பேர் அனுப்பிய அதே கோரிக்கையோடு சேர்த்து, ஒற்றை வரிப் பதில். மிச்ச வாக்கு பற்றிய கேள்விக்கு ஒரு பத்தி. சம்மதிக்கவில்லைதான், ஆனால் ஏன் என்று காரணம் எழுத வேண்டியிருந்தது. காரணம் எழுத்தில் வந்துவிட்டால் அடுத்த சுற்றில் அதற்கே பதில் சொல்லலாம், நீதிமன்றத்திலும் அது ஆவணம். பொதுமக்களைச் சட்டம் இயற்றுவதில் சேர்க்க வேண்டும் என்று சாசனத்தின் 59-ஆம் பிரிவு சொல்கிறது. சரியாகச் சேர்க்கவில்லை என்பதற்காகவே 2006-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் சட்டங்களைச் செல்லாது என்றிருக்கிறது. அந்தப் பயம் குழுவில் எப்போதும் இருந்தது. நாடாளுமன்றச் சட்ட ஆலோசகர் வாய் திறக்கும்போதெல்லாம் தெரிந்தது.

மசோதா 2022 அக்டோபர் 20 அன்று தேசிய சட்டமன்றத்தில் நிறைவேறியது. நாடாளுமன்றத்தின் மேலவையான மாகாணங்களின் அவை திருத்தங்கள் செய்து நவம்பரில் திருப்பி அனுப்பியது. நீதிமன்றக் கெடு ஏற்கெனவே ஒருமுறை நீண்டிருந்தது, மறுபடி 2023 பிப்ரவரி 28 வரை நீண்டது. மசோதாவுக்கும் பெயரில் எழுத்து மாறிக்கொண்டே போனது: பி1, பி1பி, பி1டி. எந்தப் பிரதி நடப்பில் இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் முதல் பக்கத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்களை உறுத்தியது கையெழுத்துப் பிரிவு. தேர்தலில் நிற்க, சுயேச்சையும், அவையில் இடமில்லாத கட்சியும், முந்தைய தேர்தலில் ஓர் இடத்துக்குத் தேவைப்பட்ட வாக்கில் 15 சதவீதம் அளவுக்குக் கையெழுத்துச் சேர்க்க வேண்டும் என்று நின்றது. தேசிய சட்டமன்றத்துக்கு எங்கள் மாகாணத்தில் அது பத்தாயிரத்தைத் தாண்டும். அவையில் இருக்கும் கட்சிக்கு இந்த நிபந்தனை கிடையாது. இந்த மண்ணில் பத்தாயிரம் கையெழுத்தின் பாடு நமக்குத் தெரியும். 1894-ல் இங்கிருந்த நேட்டால் காலனி அரசு இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்கப் பார்த்தபோது, காந்தியோடு சேர்ந்து நம் முன்னோர் இரண்டு வாரத்தில் அத்தனை கையெழுத்து வாங்கி பிரிட்டனின் காலனிகள் அமைச்சர் ரிப்பன் பிரபுவுக்கு அனுப்பினார்கள். அதற்கே கடைக்காரர், தொழிலாளி என்று ஒரு சமூகமே வேலையை விட்டு அலைந்தது. ஒரு தனி வேட்பாளரிடம் அதைக் கேட்பது கதவைத் திறந்துவிட்டு வாசலில் சுவர் எழுப்புகிற மாதிரி என்று எழுதி அனுப்பினோம். குழு ஏற்கவில்லை. 2023 ஏப்ரலில் அதிபர் ரமபோசா கையெழுத்திட்டுச் சட்டமாயிற்று.

ஆனால் சில அமைப்புகள் வழக்குப் போட்டன. 2023 டிசம்பர் 4 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் சுயேச்சைகளுக்கு அந்த 15 சதவீதம் செல்லாது என்று சொல்லி, நாடாளுமன்றம் திருத்தும்வரை அவர்களுக்கு 1000 கையெழுத்துப் போதும் என்றது. 200 இட விஷயத்தில் மட்டும் சட்டம் அப்படியே நின்றது. தீர்ப்பு வந்த அன்று தாத்தாவிடம் போய்ப் படித்துக் காட்டினேன். "அப்போ தொகுதி?" என்றார்.

2024 மே 29 தேர்தலில் முதல் தடவையாக மூன்று வாக்குச்சீட்டு கொடுத்தார்கள். சுயேச்சைகள் பெயர் சீட்டில் இருந்தது, ஒருவரும் தேசிய சட்டமன்றத்துக்கு ஜெயிக்கவில்லை. தாத்தாவின் கேள்விக்கு இடம் இன்னும் இருக்கிறது: எதிர்காலத் தேர்தல் முறையை ஆராயத் தனிக் குழு அமைக்க வேண்டும் என்று அதே சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள், குழுவும் அமைந்தது. பழைய அட்டவணையை எடுத்துத் திருத்தி அதற்கும் அனுப்பினோம். இந்த முறை முதல் வரிசையில் தொகுதி இருக்கிறது, எந்த வாசகம் வேண்டும் என்பதோடு.